வேன் ஜன்னலுக்கு மூடி தைக்கிறீர்களா? வாசகர் கேள்வி – பதில்

கேம்பர் வேனின் ஜன்னல்களுக்குப் பஞ்சு வைத்த மூடி தைப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் இந்த முறை பதில்.

டெம்போ டிராவலரில் படுக்கை போட்டுக் கேம்பராக மாற்றியிருக்கிறோம். காருக்கு விற்கும் வெள்ளி ஷேடைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்தும் மதியம் உள்ளே உட்கார முடியவில்லை. துணியில் தைத்துப் போட்டால் வித்தியாசம் தெரியுமா? நான்கு ஜன்னலுக்கு எத்தனை மீட்டர் வாங்குவது? – வாசகி, கோவை

தெரியும். அதற்கு முன் அந்த ஷேடு ஏன் தோற்றது என்று பார்த்துவிடுங்கள். உச்சி வெயில் ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 1000 வாட் சூட்டைக் கொட்டுகிறது. வெள்ளித்தாள் அதில் பெரும்பகுதியை வந்த வழியே திருப்பிவிடும், அந்த வேலையை அது ஒழுங்காகத்தான் செய்கிறது. மிச்சச் சூட்டில் கண்ணாடியும் ஷேடும் கொதிக்கின்றன. இரண்டுக்கும் நடுவில் சூடான காற்று, ஷேடின் மேல் விளிம்பு இடுக்கு வழியாக வேனுக்குள் இறங்குகிறது. விளிம்பில் ஒரு விரல் இடைவெளி இருந்தாலே போதும், ஷேடு வாங்கிய காசு பாதி வீண்.

அடுக்கு வரிசை இது: கண்ணாடியைப் பார்த்தபடி வெள்ளி பபுள் ஷீட், நடுவில் 200 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 200 கிராம்) பாலியெஸ்டர் பஞ்சு ஷீட், உள்பக்கம் அடர்த்தியான காட்டன். வெள்ளியை அழகுக்காக இன்னொரு துணியால் மூடாதீர்கள். மூடினால் அது வெயிலைத் திருப்பும் வேலையைப் பார்க்காது. வெளியே தெரியக்கூடாது என்று கருப்புத் துணியைக் கண்ணாடிப் பக்கம் வைப்பவர்கள் உண்டு. குளிர் நாட்டில் அது பரவாயில்லை. நம் ஊர் வெயிலில் கருப்புத் துணி அடுப்பு மாதிரி சூட்டை இழுத்து உள்ளே விடும்.

மேற்கு வெயில் அடிக்கும் பக்கத்துக்கு, முடிந்தால், வெளியே மாட்டும் மூடியாகவே தைத்துவிடுங்கள். கண்ணாடியைத் தொடுமுன் வெயிலை நிறுத்துவதற்கு ஈடு எதுவும் இல்லை. அதற்குப் பஞ்சுகூட வேண்டாம், வெள்ளை அல்லது வெள்ளி பூசிய தார்ப்பாய்த் துணி போதும். இன்னொன்று: மதுரை, திருச்சிப் பக்கம் மே மாத இரவில் மூடியைப் போட்டுக்கொண்டு தூங்காதீர்கள். உங்கள் உடம்புச் சூடே உள்ளே தங்கும். வெயில் இறங்கியதும் கழற்றிவிட்டு, கொசுவலையைப் போட்டுக் கண்ணாடியைத் திறந்துவிடுங்கள். ஊட்டி, கொடைக்கானல் போனால் திரும்ப மாட்டிக்கொள்ளலாம்.

அளவுக்கு வருவோம். ஜன்னல் 90 × 50 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொன்றுக்கும் 100 × 60 துண்டு தேவை. 150 செ.மீ. அகலத் துணியில் இரண்டு துண்டு பக்கம் பக்கமாக நிற்கும். நான்கு ஜன்னலுக்கு 2 மீட்டர், கோணல் மாணலுக்குச் சேர்த்து 2.25 மீட்டர். பஞ்சு ஷீட்டும் அதே கணக்கு. பபுள் ஷீட் 1.2 மீட்டர் அகல ரோலில் வந்தால் 2 மீட்டர் சரியாகக் கணக்குத் தீரும். விளிம்புப் பட்டி ஒரு ஜன்னலுக்கு 3 மீட்டர், ஆக மொத்தம் 12 மீட்டர். 110 செ.மீ. அகலத் துணி 1 மீட்டர் எடுத்து 5 செ.மீ. பட்டிகளாகக் குறுக்கு வெட்டினால் அதற்கு மேலேயே கிடைக்கும்.

ஃபோக்ஸ்வேகன் டிரான்ஸ்போர்ட்டர் வேனுக்குக் காகிதத்தில் அளவெடுத்து, மூன்று அடுக்கையும் அளவாக வெட்டி, கட்டம் கட்டமாகத் தைத்தேன். முடித்துப் பார்த்தால் எல்லாப் பக்கமும் ஒன்றரை செ.மீ. குறைகிறது. அளவெடுத்ததில் தப்பா? – வாசகர், மில்டன் கீன்ஸ், இங்கிலாந்து

அளவு சரி, வரிசை தப்பு. பஞ்சின் மேல் ஓடும் ஒவ்வொரு தையலும் துணியைக் கொஞ்சம் உள்ளே இழுக்கும். 10 செ.மீ. கட்டத்தில் தைத்தால் 100 செ.மீ. துணி 2, 3 செ.மீ. சுருங்குவது சாதாரணம். அதனால் முதலில் பெரிய துண்டாகத் தைத்து, பிறகுதான் அளவுக்கு வெட்டவேண்டும். மூடி தைப்பதில் இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் முக்கால் வேலை முடிந்தது.

அளவெடுக்கச் செய்தித்தாள் வேண்டாம், தொங்கும். பழுப்பு நிற பேக்கிங் பேப்பரோ, சாப்பாட்டு மேசையில் விரிக்கும் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் ஷீட்டோ நல்லது. ஜன்னல் பள்ளத்தில் அழுத்தி, ஓரத்தில் நகத்தால் கீறி, அந்தக் கீறலின் மேல் கோடு போடுங்கள். கழற்றுவதற்கு முன்பே அதில் மூன்று விஷயம் எழுதவேண்டும்: மேல் பக்கம் எது, வேனின் உள்பக்கம் எது, இடமா வலமா. இடது ஜன்னலின் காகிதத்தைத் திருப்பிப் போட்டு வலதுக்கு வெட்டாதீர்கள். தள்ளு கதவு இருக்கும் பக்கத்தின் பிளாஸ்டிக் ஓரம் பெரும்பாலும் எதிர்ப்பக்கம் போல இருக்காது. பிறகு அதே அளவில் ஓர் அட்டையை வெட்டி ஜன்னலில் நிறுத்திப் பாருங்கள். அட்டை தானாக நின்றால் துணியும் நிற்கும். பள்ளத்துக்குள் இறுக்கமாகப் பொருந்தும் மூடி என்றால் சுற்றிலும் 5 மி.மீ. கூட்டுங்கள். காந்தம் வைத்துத் தகரத்தில் ஒட்டும் மூடி என்றால் 3, 4 செ.மீ. கூட்டவேண்டும்.

தைக்கும் வரிசை: உள் துணியையும் பஞ்சையும் மட்டும் சேர்த்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகக் கையால் ஓட்டுத் தையல் போடுங்கள். மெஷினிலும் நடுவில் தொடங்கி இருபுறமும் போகவேண்டும். ஓரத்தில் தொடங்கினால் நடுவில் துணி குவிந்து மடிப்பு விழும். கட்டம் 15 செ.மீ. போதும். நெருக்கித் தைத்தால் பார்க்க லட்சணமாகத்தான் இருக்கும், ஆனால் பஞ்சு அமுங்கி, அதிலிருந்த காற்று போய், போர்வை பாயாகிவிடும். பபுள் ஷீட்டை இந்தக் கட்டத் தையலில் சேர்க்கவே வேண்டாம். அது விறைப்பாக இருப்பதால் விளிம்பில் பிடித்தாலே நகராது.

இப்போது காகிதத்தை வைத்துக் கோடு போட்டு, கோட்டுக்கு 5 மி.மீ. உள்ளே எல்லா அடுக்கையும் சேர்த்து ஒரு சுற்றுத் தையல் ஓட்டுங்கள். அதன் பிறகுதான் கோட்டில் வெட்டுவது. இந்தத் தையல் இல்லாமல் வெட்டினால் பஞ்சு வெளியே பிதுங்கும், பட்டிக்குள் அடங்காது. மூலைகளைக் கூராக விடாமல் டீ டம்ளரை வைத்து வளைத்துவிடுங்கள். பட்டியைக் குறுக்காக, 45 டிகிரியில் வெட்டியிருக்கவேண்டும், நேர் பட்டி வளைவில் சுருங்கும். நேர்ப் பக்கங்களில் பட்டியை மெல்ல இழுத்துத் தைக்கலாம். மூலையில் மட்டும் இழுக்காமல், சொல்லப்போனால் கொஞ்சம் தள்ளிக் கொடுத்துத் தையுங்கள். இழுத்தால் மூலை கிண்ணம் போல மடங்கும், காற்று அந்த வழியாகத்தான் வரும்.

உங்கள் மூடியைத் தூக்கி எறிய வேண்டாம். 5 செ.மீ. அகலத்தில், நடுவே பஞ்சு வைத்த பார்டர் ஒன்றைச் சுற்றிலும் இணைத்து, காகிதத்தை வைத்துத் திரும்ப வெட்டிவிடுங்கள். சேலை பார்டர் மாதிரி எடுப்பான நிறத்தில் போட்டால் குறையை மறைத்தது தெரியாது.

குளிர்காலப் பயணங்களில் காலையில் மூடியைக் கழற்றினால் கண்ணாடி முழுக்கத் தண்ணீர், சில நாள் உறைந்தே கிடக்கிறது. மூடியின் பின்புறம் கரும்புள்ளிகள். இன்னும் ஓர் அடுக்குப் பஞ்சு வைக்கலாமா? – வாசகர், ஆஸ்லோ, நார்வே

வைத்தால் தண்ணீர் கூடும். மூடி நன்றாக வேலை செய்யச் செய்ய, வேனின் சூடு கண்ணாடியை எட்டாது. கண்ணாடி வெளிக்குளிருக்கு இறங்கிவிடும். விளிம்பு இடுக்கில் நுழையும் ஈரக் காற்று அதில் பட்டு நீராகிறது, உறைகிறது.

தடிமன் எவ்வளவு உதவும் என்பதையும் கணக்காகப் பாருங்கள். வெளியே மைனஸ் 10, உள்ளே 18 டிகிரி. ஒற்றைக் கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 160 வாட் சூட்டை வெளியே விடும். 1.5 செ.மீ. பஞ்சு, கண்ணாடிக்கும் மூடிக்கும் நடுவில் அடைபட்ட காற்று, இரண்டும் சேர்ந்தால் அது 40 வாட்டாகக் குறையும். பஞ்சை 3 செ.மீ. ஆக்கினால் 26. முதல் அடுக்கு 120 வாட்டை மிச்சப்படுத்தியது, இரண்டாவது அடுக்கு 14. அதுவும் விளிம்பு ஒட்டியிருந்தால்தான். காற்றுப் புகுந்தால் இந்தக் கணக்கு எதுவும் நிற்காது. எனவே பஞ்சு வாங்கும் காசில், விளிம்பை ஒட்டிப் பிடிக்க இன்னும் நான்கு காந்தம் வாங்குங்கள்.

ஈரம் வருவது உங்கள் மூச்சிலிருந்து. இருவர் 8 மணி நேரம் தூங்கினால் ஏறத்தாழ அரை லிட்டர் நீர் காற்றில் கலக்கும். சமையலும் காய வைத்த சாக்ஸும் தனி. கூரைக் காற்றுப்போக்கியை இரண்டு விரல் அளவாவது திறந்து வையுங்கள், கீழே எங்காவது காற்று வரவும் வழி இருக்கட்டும். கண்ணாடிப் பக்கத்துக்கு நீர் புகாத துணியோ வெள்ளி ஷீட்டோதான் வேண்டும். நடுவில் பாலியெஸ்டர் மட்டும். காட்டன் பஞ்சு ஈரம் குடித்தால் லேசில் காயாது, உங்கள் கரும்புள்ளிக்கு அதுதான் தீனி. காலையில் முதல் வேலை மூடியைக் கழற்றி, கண்ணாடியைத் துடைத்து, மூடியைத் தனித்தனியாக உலர விடுவது. ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பூஞ்சை நிச்சயம்.

எல்லா ஜன்னலையும் மூடிக்கொண்டு உள்ளே கேஸ் அடுப்பைக் குளிருக்காக எரிப்பவர்கள் இருக்கிறார்கள். கூடவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. அதற்கான அலாரம் இல்லாத வேனில் தூங்காதீர்கள்.

காந்தம் வைத்துத் தைத்தேன். தைக்கும்போது காந்தம் ஊசிப் பலகையில் ஒட்டிக்கொண்டு உயிரை எடுக்கிறது. மாட்டினால் நள்ளிரவில் விழுகிறது. – வாசகி, ஸ்கார்பரோ, கனடா

விழுவதற்கு இரண்டு காரணம்தான் இருக்கும். ஒன்று, காந்தம் பஞ்சுக்கு உள்பக்கம் போய்விட்டது. தகரத்துக்கும் அதற்கும் நடுவே சில மில்லிமீட்டர் வந்தாலே பிடி பெரிதும் தளர்ந்துவிடும். தகரத்தைத் தொடும் துணிக்கு நேர் பின்னால் காந்தம் இருக்கவேண்டும். இரண்டு, அந்த இடத்தில் தகரமே இல்லை. முன்கண்ணாடித் தூணை மூடியிருப்பது பிளாஸ்டிக். அலுமினிய, ஃபைபர் வண்டிகளில் எங்குமே பிடிக்காது. தைக்குமுன் ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி, ஜன்னலைச் சுற்றித் தடவி, பிடிக்கும் இடங்களைக் காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பிடிக்காத இடத்தில் இரும்பு வாஷரை ஒட்டிக்கொள்ளலாம்.

15 முதல் 20 மி.மீ. விட்டம், 2 அல்லது 3 மி.மீ. தடிமன் உள்ள நியோடிமியம் காந்த வில்லைகள் சரியானவை. எடையைச் சுமப்பது மேல் விளிம்பு, எனவே அங்கே 12 செ.மீ.க்கு ஒன்று, மற்றப் பக்கங்களில் 20 செ.மீ.க்கு ஒன்று, நான்கு மூலையிலும் கட்டாயம் ஒன்று.

மெஷினோடு மல்லுக்கட்டாமல் இருக்க, காந்தத்தைக் கடைசியில் நுழையுங்கள். 4 செ.மீ. அகல நாடாவைத் தகரம் தொடும் பக்கத்தின் ஓரத்தில் முன்பே தைத்து, குறுக்கே தையல் போட்டுச் சிறு பைகளாக்கி, வாயைத் திறந்தே விடுங்கள். பட்டி வேலை முடிந்ததும் காந்தத்தைப் போட்டு வாயைக் கையால் இரட்டைத் தையலில் மூடலாம். போடும்போது எல்லாவற்றிலும் ஒரே முகம் வெளியே இருக்கட்டும். வீட்டில் சிறு குழந்தை இருந்தால் இந்த வாய்த் தையலைச் சும்மா ஒப்பேற்றாதீர்கள். இரண்டு காந்தத்தை விழுங்கினால் அவை குடலை நடுவில் வைத்து நசுக்கும். பேஸ்மேக்கர் வைத்தவர்களும் தள்ளி இருக்கவேண்டும்.

சாதாரண நியோடிமியம் 80 டிகிரிக்கு மேல் சூடேறினால் சக்தியை இழக்கும், ஆறிய பிறகும் முழுதாகத் திரும்பாது. வெயிலில் நிற்கும் வேனின் டாஷ்போர்டு மேல் மூடிகளைப் போட்டு வைக்காதீர்கள்.

வீட்டு மெஷினில் தையல் விட்டுவிட்டு விழுகிறது. வெள்ளி ஷீட் வேறு துணியை அழுத்தும் பாதத்தில் ஒட்டிக்கொள்கிறது. – வாசகி, சேலம்

16ஆம் எண் ஊசி போடுங்கள், பட்டியோடு ஐந்தாறு அடுக்கு சேரும் இடத்துக்கு 18. தையல் நீளம் 3.5 முதல் 4 மி.மீ. சிறு தையல் வெள்ளி ஷீட்டைத் தபால்தலை ஓரம் போலத் துளைத்துக் கிழித்துவிடும். நூல் பாலியெஸ்டர். காட்டன் நூல் ஜன்னல் வெயிலிலும் ஈரத்திலும் சீக்கிரம் இற்றுவிடும். பாதத்தில் ஒட்டினால் வழுக்கும் டெஃப்லான் பாதம் மாட்டலாம், இல்லையென்றால் ஷீட்டின் மேல் டிஷ்யூ பேப்பரை வைத்துத் தைத்துவிட்டுக் கிழித்தெடுங்கள். குண்டூசி வேண்டாம், அது போடும் ஓட்டை மூடாது. துணி கிளிப் போதும். பாதத்தின் அழுத்தத்தைத் தளர்த்தியும் அடுக்குகள் நகர்ந்தால், விளிம்புச் சுற்றை மட்டும் ரெக்சின் தைக்கும் கடையில் கொடுத்து வாங்கிக்கொள்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

எங்கள் கேரவன் ஜன்னல்கள் அக்ரிலிக். உறிஞ்சு கப் வைத்த மூடி போடலாமா? வண்டியின் முன்கண்ணாடிக்கு என்ன செய்வது? – வாசகர், மெல்போர்ன், ஆஸ்திரேலியா

அக்ரிலிக்கில் உறிஞ்சு கப் வேண்டாம். அழுத்தத்தில் மயிரிழை விரிசல் விழலாம். வெள்ளித்தாளை உள்பக்கம் ஒட்டினாற்போல் வைத்தாலும் ஆபத்து, அகப்பட்ட சூட்டில் அக்ரிலிக் வளையலாம். உங்கள் ஊர்க் கோடைக்கு அதை வெளியிலிருந்து மறைப்பதுதான் வழி.

முன்கண்ணாடிக்கும் வெளி மூடியே மேல். இருபுறமும் 25 செ.மீ. நீளக் காது விட்டுத் தைத்து, அதை முன்கதவு இடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தினால் காற்றும் கொண்டுபோகாது, திருடனும் கொண்டுபோக மாட்டான். காதில் மட்டும் பஞ்சு வைக்காதீர்கள், கதவு சாத்தாது. கதவின் ரப்பர் வழியே மழைநீர் துணியைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கும் என்பதால் காதுக்கு நீர் புகாத மெல்லிய நைலானே சரி.