பெரியம்மாவும் அம்மாதானே?

கேள்வி: ஆஸ்திரேலியாவில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் சமூக சேவைச் சான்றிதழ் படிப்பு படிக்கிறேன். முதலில் நானும் கணவரும்தான் வந்தோம். மகன் இரண்டு வருடம் திருச்சியில் என் அக்காவிடம் வளர்ந்தான். இப்போது பூர்வகுடிக் குடும்பங்களுக்கு உதவும் அமைப்பில் களப்பயிற்சி. ஒரு சிறுவனைப் பற்றி, 'தாய் விட்டுவிட்டுப் போய்விட்டாள், யாரோ உறவுக்காரப் பெண்ணிடம் இருக்கிறான்' என்று பதிவேட்டில் எழுதினேன். பயிற்சி ஆசிரியை (அவரும் பூர்வகுடிப் பெண்) 'அவனுடைய மற்ற அம்மாக்களைப் பார்த்தாயா?' என்று பொருளில்லாமல் கேட்டு, 'இன்னும் தேர்ச்சி இல்லை' என்று போட்டுவிட்டார். எம்.காம். படித்த எனக்கு இது அவமானம். புகார் கொடுக்கட்டுமா? முதியோர் இல்ல வேலைக்கு மாறிவிடட்டுமா?

பதில்: எம்.காம். பட்டத்தை ஓரமாக வையுங்கள். போகிற போக்கில் எழுதிவிட்டீர்களே, 'மகன் அக்காவிடம் வளர்ந்தான்' என்று, அங்கேதான் என் கண் நின்றது. உங்கள் பிள்ளை என்றால் 'வளர்ந்தான்'. அந்தப் பெண்ணின் பிள்ளை என்றால் 'விட்டுவிட்டுப் போய்விட்டாள்'. எழுதியது ஒரே கை.

திருச்சியில் அவனுடைய ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட்டது யார்? காய்ச்சல் வந்த இரவில் நெற்றியில் ஈரத்துணி போட்டது யார்? அவரை உங்கள் மகன் எப்படிக் கூப்பிடுகிறான்? பெரியம்மா. அந்தச் சொல்லுக்குள்ளேயே அம்மா இருக்கிறாள். நீங்கள் வாழும் ஊர் அரண்டா என்ற பூர்வகுடி மக்களின் மண். அவர்களிடமும் இதே முறைதான்: தாயின் சகோதரியும் தாய், தந்தையின் சகோதரனும் தந்தை. உடன் படிப்பவர்கள் புத்தகம் பார்த்து மனப்பாடம் செய்ய வேண்டிய உறவுமுறை உங்களுக்குத் தாய்ப்பாலோடு வந்தது. அப்படிப்பட்ட நீங்களே 'யாரோ உறவுக்காரப் பெண்' என்று எழுதினால் எனக்குக் கோபம் வராதா?

ஒரு வரிதானே என்றும் நினைக்காதீர்கள். ஏறக்குறைய 1910 முதல் 1970 வரை அந்த நாட்டு அதிகாரிகள் பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றவர்களிடமிருந்து பிரித்துக்கொண்டு போனார்கள். பத்தில் ஒரு பிள்ளை முதல் மூன்றில் ஒரு பிள்ளை வரை அப்படிப் போனதாக 1997-இல் வந்த விசாரணை அறிக்கை சொல்கிறது. பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது 2008-இல்தான். உங்கள் ஊரில் சுற்றுலாப் பயணிகள் பார்க்க வரும் பழைய தந்தி நிலையம் இருக்கிறதே, 1932 முதல் 1942 வரை அங்கே 'பங்களோ' என்ற பெயரில் அந்தப் பிள்ளைகளை வைத்திருந்தார்கள். மகனோடு போய் நின்று பாருங்கள். பிள்ளைகளைப் பற்றி வெளியாள் எழுதிய குறிப்பு என்ன செய்யும் என்பது உங்கள் ஆசிரியைக்குத் தெரியும். அதனால்தான் கேட்டார். பொருளோடுதான் கேட்டார்.

பிள்ளை பட்டினி கிடந்தால், அடிபட்டால், மறைக்கச் சொல்லி யாரும் உங்களிடம் கேட்கவில்லை. உங்கள் ஊர் இருக்கும் வட ஆட்புலத்தின் (Northern Territory) சட்டப்படி அதைத் தெரிவிப்பது வயது வந்த ஒவ்வொருவரின் கடமை. ஆனால் சித்தி மடியில் வளர்வது கேடு ஆகாது. பிள்ளை வளர்ப்பது குடும்பம் முழுவதற்கும் உள்ள கடமை என்று நம்புகிறவள் நான். உங்கள் அக்கா அந்தக் கடமையைச் செய்ததால்தான் நீங்கள் விமானம் ஏற முடிந்தது.

புகார் வேண்டாம். முதியோர் இல்லத்துக்கு ஓடவும் வேண்டாம். பிள்ளைகள் வந்து பார்க்காத கிழவியைப் பற்றி எழுத அங்கேயும் ஒரு பதிவேடு இருக்கும்.

இன்று இரவு அக்காவுக்குப் போன் செய்யுங்கள். திங்கட்கிழமை ஆசிரியையிடம் போய், அந்தப் பையனை வளர்க்கும் பெண்ணைப் பார்க்க அழைத்துப் போகச் சொல்லுங்கள். அங்கே படிவத்தை வெளியே எடுக்காதீர்கள். நீ யார், எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று அவர்கள் கேட்டால் ஒழுங்காகப் பதில் சொல்லுங்கள். உங்கள் மகன் யாரிடம் வளர்ந்தான் என்பதையும் சொல்லுங்கள். அவர்கள் பேசாமல் இருந்தால் நீங்களும் பேசாமல் உட்கார்ந்திருங்கள். திரும்பி வந்து அந்த வரியை அடித்துவிட்டு, அந்தப் பெண் அவனுக்கு என்ன முறை என்று எழுதுங்கள்.