முக்காலியைக் கவிழ்த்துப் பாருங்கள், அண்ணாச்சி

போன வாரம் தக்கலையிலிருந்து ஒரு அண்ணாச்சி நாகர்கோவிலில் என் கல்வி ஆலோசனை அலுவலகத்துக்கு வந்தார். கையில் பழைய சேலைத்துணி சுற்றிய ஒரு மூட்டை. அவிழ்த்து மேசைமேல் வைத்தார். ஒரு முக்காலி. "சார், இதுக்கா வருஷம் மூணு லெச்சம் கட்டுறேன்?" என்றார்.

மகள் வெளிமாநிலத்தில் அறைகலன் (ஃபர்னிச்சர்) வடிவமைப்பு படிக்கிறாள், இரண்டாம் ஆண்டு. விடுமுறைக்கு வரும்போது புத்தகத்துக்குப் பதிலாக இதைச் சுமந்து வந்திருக்கிறாள். அண்ணாச்சிக்குப் பலசரக்குக் கடை, கணக்கில் கெட்டிக்காரர். அன்றைக்குக் கடை திறக்க வேண்டும் என்று அவசரமாகக் கிளம்பிவிட்டார். சொல்லாமல் விட்டதை எழுதிவிடுகிறேன். இதே கவலையோடு இருக்கும் மற்ற பெற்றோருக்கும் உதவும்.

அண்ணாச்சி, உங்கள் மகளின் மார்க் ஷீட் அந்த முக்காலிதான். அதைக் கவிழ்த்து வைத்துத்தான் படிக்க வேண்டும். நான் பார்த்ததைச் சொல்கிறேன். அயினிப் பலகை. ஆணி ஒன்றுகூட இல்லை. மூன்று காலும் பலகையைத் துளைத்து மேலே வந்து நிற்கின்றன. ஒவ்வொரு கால் முனையிலும் ஒரு கறுப்புக் கோடு தெரிகிறதல்லவா, அது ஆப்பு. பனை வைரத்தில் செதுக்கி அடித்திருக்கிறாள். மூன்று ஆப்பும் பலகையின் ரேகைக்கு, அதாவது மர நார் ஓடும் திசைக்கு, குறுக்கே நிற்கின்றன. ரேகையோடு ஒட்டி அடித்திருந்தால் ஆப்பு இறங்கும்போதே பலகை வாய் பிளந்திருக்கும். யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், அல்லது ஒன்றிரண்டு பலகையைப் பிளந்துவிட்டுத் தானே கற்றிருக்கிறாள். இரண்டுமே நல்லதுதான்.

குறையும் இருக்கிறது. மூன்றாவது காலின் துளை கொஞ்சம் பெரிதாகிவிட்டது. மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைத்திருக்கிறாள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் வெளியே தெரியாது என்று நினைத்திருப்பாள். விரலால் தடவினால் தெரிகிறது.

அடிப்பக்கத்தில் பென்சிலால் "14 ஆச்சி" என்று எழுதியிருந்ததைக் காட்டி என்னவென்று கேட்டேன். உங்களுக்குத் தெரியவில்லை. மகளுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தோம். சாதாரண நாற்காலியின் உயரம் 17, 18 அங்குலம். ஆச்சிக்கு அதில் கால் தரையில் பதியாது. தரையில் உட்கார்ந்தால் முட்டுவலியில் எழுந்திருக்க முடியாது. உள்ளி உரிக்கவும் மீன் கழுவவும் அடுக்களைப் படியில் கோணலாக உட்கார்ந்துகொண்டிருந்தார்களாம். போன கிறிஸ்மஸ் லீவில் ஆச்சியின் முழங்கால் உயரத்தை டேப் வைத்து அளந்துகொண்டு போய், 12, 13, 14, 15 அங்குலத்தில் கழிவு மரத்தில் நான்கு மாதிரி செய்து, வகுப்பில் வாத்தியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, கடைசியில் 14-க்கு வந்திருக்கிறாள். அதைக் கேட்டபோது நீங்கள் ஒன்றும் பேசவில்லை. உங்கள் அம்மாவைப் பற்றித்தானே பேச்சு.

வடிவமைப்பு என்று அவர்கள் சொல்வது இதைத்தான். படம் அழகாக வரைவது அதில் ஒரு சின்னப் பங்கு. 1958-ல் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்கத் தம்பதி நம் அரசு கேட்டு ஓர் அறிக்கை எழுதிக் கொடுத்தார்கள். அதில் அவர்கள் வியந்து பேசிய பொருள் நம் வீட்டுச் செம்பு. எவ்வளவு தண்ணீர் பிடிக்க வேண்டும், இடுப்பில் வைப்பதா தலையில் வைப்பதா, சாய்த்தால் எப்படி ஊற்றும், வெறுமையாக இருக்கும்போது எப்படி நிற்கும் என்றெல்லாம் கேட்டுக் கேட்டு எழுதினார்கள். அந்த அறிக்கையைத் தொடர்ந்து 1961-ல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம், என்ஐடி, தொடங்கியது. செம்புக்குக் கேட்ட கேள்விகளை உங்கள் மகள் ஆச்சியின் முட்டுக்குக் கேட்டிருக்கிறாள்.

சரி, வேலை கிடைக்குமா என்பது உங்கள் அடுத்த கேள்வி. கிடைக்கும். ஆனால் எந்த வேலை என்பதில் கவனம் வேண்டும். இந்தப் படிப்பை முடித்தவர்களைக் கூப்பிட்டு எடுத்துக்கொள்வது பெரும்பாலும் மாடுலர் கிச்சன், இன்டீரியர் கம்பெனிகள். அங்கே காலை முதல் மாலை வரை கம்ப்யூட்டர்முன் உட்கார்ந்து பிளைவுட்டும் லேமினேட்டும் அளவு போடுவதுதான் வேலை. சம்பளம் மாதம் தவறாது. கையில் உளி பிடித்துப் பழகிய பிள்ளைக்கு இரண்டு வருடத்தில் சலிக்கும். போக வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். வாடிக்கையாளரிடம் பேசவும், சொன்ன தேதிக்குப் பொருள் கொடுக்கவும் அங்கேதான் கற்க முடியும். இரண்டு வருடம் என்று எல்லை போட்டுக்கொண்டு போகட்டும்.

அறைகலன் தயாரிக்கும் நிறுவனங்களில் மாதிரி செய்து பார்க்கும் பிரிவு என்று ஒன்று உண்டு. கையும் தெரிந்து கணினியும் தெரிந்தவர்கள் அங்கேதான் தேவைப்படுகிறார்கள். இடங்கள் குறைவு. தூத்துக்குடியில் சிப்காட் அறைகலன் பூங்காவுக்கு 2022-ல் அடிக்கல் நாட்டினார்கள். நம் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம். அதை நம்பி இன்றைக்கே கணக்குப் போட வேண்டாம். ஒரு கண் வைத்திருக்கலாம்.

மேலே படிக்க வேண்டும் என்றால் சீட் (CEED) தேர்வு எழுதி ஐஐடிகளில் வடிவமைப்பு முதுகலை சேரலாம். அகமதாபாத் என்ஐடியில் அறைகலன், இன்டீரியர் வடிவமைப்புக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. அதற்குத் தனி நுழைவுத் தேர்வு. இன்னொன்று, பலருக்குத் தெரியாதது: உலகத் திறன் போட்டியில் அலமாரி, மேசை செய்யும் கேபினெட் மேக்கிங் ஒரு பிரிவு. அதற்கு இந்தியாத் திறன் போட்டி வழியாகப் போக வேண்டும், வயது 22-க்குள். உங்கள் மகளுக்கு 19. மூன்றாவது காலைச் சரிசெய்யக் காலம் இருக்கிறது.

இனி உங்கள் மொழியில், கடைக் கணக்கு. அந்த முக்காலியில் இருக்கும் மரம் 300 கன அங்குலம்கூட வராது. ஒரு கன அடி என்பது 1,728 கன அங்குலம். கழிவையும் சேர்த்தால் கால் கன அடி. அயினி விலையை மில்லில் கேட்டுப் போட்டுப் பாருங்கள், மரத்துக்கான செலவு பயமுறுத்தாது. பயமுறுத்துவது நேரம். இதைச் செய்ய எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்டேன். 11 மணி நேரம் என்றாள். ஒரு நாள் கூலியைத் தாண்டிப் போகிறது. அப்படி விற்றால் பிளாஸ்டிக் ஸ்டூல் விற்பவன் சிரிப்பான். ஆனால் காலைச் சாய்வாகத் துளைக்க ஒரு அச்சுப் பலகை செய்து வைத்துக்கொண்டு, பத்து முக்காலிக்கும் சேர்த்து அறுத்து, சேர்த்துக் கடைந்து, சேர்த்து இழைத்தால் ஒன்றுக்கு மூன்று மணிக்குள் வந்துவிடும். அடுத்த தடவை அவள் பேசும்போது "நல்லாருக்கு மக்களே" என்று சொல்லிவிட்டு, "பத்து செய்தா ஒண்ணுக்கு எவ்வளவு ஆகும்?" என்று கேளுங்கள். நிறையக் கல்லூரிகள் இந்தக் கணக்கைச் சரியாகச் சொல்லித் தருவதில்லை. மொத்த விலைக்கும் சில்லறை விலைக்கும் நடுவில் வாழ்கிற நீங்கள் சொல்லித் தரலாம்.

மரத்தைப் பற்றியும் கொஞ்சம். ஆனி, ஆடியில் நம் வீட்டுக் கதவு உப்பிக்கொண்டு அடைக்க மறுக்கும். பங்குனியில் அதே கதவு ஆடும். வருடத்துக்கு இரண்டு மழைக்காலம் பார்க்கிற மாவட்டம் இது. இங்கே ஈரத்தில் செய்த மேசையைப் பெங்களூரில் ஏசி அறையில் போட்டால் மரம் சுருங்கும், பலகை வெடிக்கும். மரம் ரேகைப் போக்கில் சுருங்குவது கிடையாது என்றே சொல்லலாம், குறுக்கேதான் சுருங்கும். அதற்கு இடம் விட்டு இணைப்பதுதான் தச்சுவேலையின் பாதி. குலசேகரம் பக்கம் போனால் பால் வற்றி, 25, 30 வருடத்தில் வெட்டிச் சாய்க்கும் ரப்பர் மரத்தைப் பார்க்கலாம். அதில் மாவுச்சத்து அதிகம், வெட்டிய சில நாளிலேயே பூஞ்சணமும் வண்டும் ஏறும். உடனே போராக்ஸ், போரிக் அமிலக் கரைசல் ஏற்றி, சூளையில் உலர்த்தினால் வெளிர் நிறத்தில் நல்ல மரம்; கடைசலுக்கு அருமையாக இருக்கும். ஒரு காலத்தில் விறகுக்குப் போனது, இன்றைக்கு மேசை, நாற்காலியாகிறது. உங்கள் மகள் எந்த ஊரில் படித்தாலும் இந்த மரத்தைப் பற்றி அவளுக்கு வீட்டுப்பாடம் நம் மாவட்டத்தில்தான்.

அகப்பை, மத்து, அஞ்சறைப்பெட்டி மாதிரி சாப்பாட்டோடு புழங்கும் பொருளுக்கு வார்னிஷ் அடிக்கக் கூடாது. தேன்மெழுகு பூசுவார்கள். மார்த்தாண்டத்தில் தேனீ வளர்ப்பவர்களிடம் கேட்டால் மெழுகு கிடைக்கும். வெளிமாநிலத்தில் ஆன்லைனில் டப்பா டப்பாவாக வாங்கிக்கொண்டிருப்பாள், சொல்லுங்கள்.

நீங்கள் கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னது ஞாபகம் இருக்கிறது. "பொம்பளப் பிள்ளைக்கு உளியும் சுத்தியலும் எதுக்கு சார், படிச்ச பிள்ளை ஆசாரி வேலையா பாக்கும்?" இதற்கு நான் வாதம் செய்யப்போவதில்லை. ஜார்ஜ் நகாஷிமா என்று ஒருவர். அமெரிக்காவில் பிறந்த ஜப்பானியர், எம்ஐடியில் கட்டடக்கலை படித்தவர். 1930களின் கடைசியில் புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதியைக் கட்டும் பொறுப்பில் இருந்தார். போர்க்காலத்தில் அமெரிக்க அரசு ஜப்பானிய வம்சாவளியினரை முகாமில் அடைத்தபோது, அங்கே இருந்த ஒரு ஜப்பானியத் தச்சரிடம் மறுபடி முதலிலிருந்து வேலை கற்றார். பிறகு மேசை, நாற்காலி செய்தே வாழ்ந்தார். 1960களில் அகமதாபாத் என்ஐடிக்கும் வந்து வேலை செய்தார். புதுச்சேரி போனால் அந்தக் கட்டடத்தை வெளியிலிருந்தாவது பார்த்துவிட்டு வாருங்கள்.

பெண் என்பதற்காகக் கவலைப்படுவதைவிட மரத்தூளுக்காகக் கவலைப்படுங்கள். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. கைக்குட்டை கட்டிக்கொண்டு ரம்ப மெஷினில் நிற்பது போதாது. நல்ல தூள் மாஸ்க்கும் காது அடைப்பானும் வாங்கிக் கொடுங்கள். அடுத்த பிறந்தநாளுக்குக் கம்மல் வேண்டாம்.

இதைப் படிக்கும் பிளஸ் டூ மாணவர்களின் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. எந்தக் குரூப் எடுத்தவர்களும் ஐஐடிகளில் வடிவமைப்பு இளங்கலைக்கான யூசீட் (UCEED), என்ஐடி தேர்வுகளை எழுதலாம். யூசீட்டை அடுத்தடுத்த இரண்டு வருடம் மட்டும்தான் எழுத முடியும். சேர்க்கை விதி நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால் கையேட்டை வரிக்கு வரி படியுங்கள். பட்டம் வேண்டாம், கைத்தொழில் போதும் என்றால் ஐடிஐயில் தச்சர் பிரிவு ஒரு வருடம். பெங்களூரில் மத்திய அரசின் மர அறிவியல் நிறுவனம் மெஷின் மரவேலைக்குக் குறுகிய காலப் பயிற்சி நடத்துகிறது. தனியார் கல்லூரி என்றால் பணம் கட்டும் முன் பட்டறையைக் காட்டச் சொல்லுங்கள். சில வருடம் முன்பு ஒரு பையனை நான் ஒரு கல்லூரிக்கு அனுப்பினேன், விளம்பரப் புத்தகத்தைப் பார்த்து. போய்ப் பார்த்தால் பட்டறை என்று ஒரு அறை, அதில் ஆறு மேசை, ஆறும் பாலிஷ் கலையாமல் புதிதாக இருந்தன. ஒரு வருடம் வீணாகிப் போனது. அவன் அம்மா இன்றைக்கும் பஜாரில் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். தரையில் மரத்தூள் இல்லாத பட்டறையை நம்பாதீர்கள்.

அண்ணாச்சி, மகள் ஊருக்குத் திரும்பும் முன் ஒரு நாள் பத்மநாபபுரம் அரண்மனைக்குக் கூட்டிப்போங்கள். வீட்டுப் பக்கத்திலேயே இருப்பதால் நாம் போவதில்லை. திங்கட்கிழமை மூடியிருக்கும். மூலிகைக் கட்டிலைப் பார்க்க எல்லாரும் முண்டியடிப்பார்கள், விட்டுவிடுங்கள். தாய்க் கொட்டாரத்தில் ஒரே பலாமரத்தில் செதுக்கிய தூண் முன்னால் அவளை நிறுத்திவிட்டு நீங்கள் ஒரு ஓரமாக உட்கார்ந்துகொள்ளுங்கள். ஒரு மணி நேரம் ஆகும். அவசரப்படுத்த வேண்டாம்.

அப்புறம், முக்காலியை இங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். சேலைத்துணியும் இருக்கிறது. சனிக்கிழமை ஒரு மணி வரை அலுவலகம் திறந்திருக்கும். சீக்கிரம் வாருங்கள், ஆச்சி மறுபடி படியில் உட்கார ஆரம்பித்திருப்பார்கள்.