பதுங்குகுழியில் சாப்ளின் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

முதல் உலகப்போர்ச் சிப்பாயாகச் சாப்ளின் நடித்த ‘ஷோல்டர் ஆர்ம்ஸ்’ மௌனப்படத்தை இணையத்தில் பார்த்தேன். ஆட்கள் வெட்டி வெட்டி நடக்கிறார்கள். மரவேடக் காட்சி தவிர எதற்கும் சிரிப்பு வரவில்லை. போர் முடியாத நேரத்தில் இதற்கு எப்படிச் சிரித்தார்கள்?

க.மு., ஈரோடு

அன்புள்ள க.மு.,

நீங்கள் பார்த்தது, சாப்ளினே தன் மூன்று பழைய படங்களைச் சேர்த்து 1959-ல் வெளியிட்ட ‘சாப்ளின் ரெவ்யூ’ பிரதியாக இருக்கலாம். அக்காலக் காமிராவின் கைப்பிடியை விநாடிக்கு இரண்டு சுற்று சுற்றுவார்கள். சுற்றுக்கு எட்டு பிரேம் (அசையாத ஒற்றைப் படம்), ஆக விநாடிக்கு 16. பேசும்பட புரொஜக்டர் ஓடுவதோ 24-ல். அதை ஈடுகட்ட ஒன்றுவிட்டு ஒரு பிரேமை இருமுறை அச்சிட்டார்கள். நடை திக்குவது அதனால்தான். படத்தை நிறுத்தி ஒவ்வொரு பிரேமாக நகர்த்திப் பாருங்கள். மூன்று தட்டலுக்கு ஒருமுறை உருவம் அசையாமல் நின்றால் அந்தப் பிரதிதான், வேறு தேடுங்கள். மாறாக எல்லாரும் பறந்தால் பிளேயரில் வேகத்தை 0.75 ஆக்குங்கள், 18 பிரேம் வரும். அதற்கும் கீழே போகவேண்டாம், காட்சி சோர்ந்துவிடும். அன்றைய தியேட்டர் ஆபரேட்டர்களே 16-ஐவிடக் கூட்டித்தான் ஓட்டினார்கள்.

பிறகு வெள்ளம் புகுந்த பதுங்குகுழிக் காட்சியைப் பாருங்கள். படுக்கை தண்ணீருக்கடியில் இருக்கிறது. சாப்ளின் சொட்டச் சொட்டத் தலையணையை எடுத்து, பஞ்சு உப்பும்படி தட்டிச் சரிசெய்து, மறுபடி நீருக்குள் வைத்துப் படுக்கிறார். மூச்சுவிட கிராமபோன் குழாய். தட்டுவதற்கும் படுப்பதற்கும் நடுவே உள்ள நிதானத்தில்தான் சிரிப்பு இருக்கிறது. வேகம் கூடினால் முதலில் காணாமல் போவது அதுதான்.

படம் வந்தது 1918 அக்டோபர் 20, போர் ஓய்ந்தது நவம்பர் 11. சாவைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. அகழியில் நீர் தேங்கியதும் சிப்பாய்களின் கால் அழுகியதும் ஊரறிந்த சங்கதி. விஷவாயுவும் அப்படியே. அதனால்தான் வீட்டுப் பார்சலில் வந்த நாற்றப் பாலாடைக்கட்டியை முகமூடி மாட்டிக்கொண்டு எதிரி அகழிக்குள் அவர் எறிவதை விளக்கவே வேண்டியிருக்கவில்லை. உங்களுக்குப் பிடித்த மரவேடமும் முழுக் கற்பனை அல்ல. எஃகில் பொய்மரம் செய்து, உள்ளே ஆளை ஏற்றி வேவு பார்த்தார்கள்.

எனக்குப் பிடித்தது கடிதக் காட்சி. தனக்குக் கடிதம் வராதவன், இன்னொருவன் தோளுக்குப் பின்னால் நின்று அவன் கடிதத்தைப் படிக்கிறான். எழுதியிருப்பதற்கேற்ப இவன் முகமும் மாறுகிறது. இதில் ஸ்லாப்ஸ்டிக் (விழுவது, அடிபடுவது போன்ற உடல்மொழிச் சிரிப்பு) எதுவும் இல்லை, ஆனால் படத்தின் உச்சம் அதுவே என்பேன்.

எடுத்தபின் வெட்டிய பகுதிகளும் உண்டு. ராணுவத்தில் சேருமுன் நடக்கும் மருத்துவப் பரிசோதனை, கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நிழலாட்டமாக நடக்கிறது. ‘அன்னோன் சாப்ளின்’ என்ற 1983 ஆவணப்படத்தில் பார்க்கலாம். அபாரமான காட்சி. இருந்தும் வெட்டியது சரி. இப்போது படம் நேரே பயிற்சி மைதானத்தில் தொடங்குகிறது. பாதத்தை அகட்டி வைத்தே பழகியவனை, சேர்த்து வைத்து நிற்கச் சொல்கிறார்கள்.