எல்க் வேட்டையும் கால் பவுன் சண்டையும்

ஐயா, வணக்கம்.

பதினோரு வருடமாக டென்வரில் இருக்கிறேன். கூட வேலை செய்பவர் இந்த அக்டோபரில் எல்க் என்கிற பெரிய மான் வேட்டைக்குக் கூப்பிட்டிருக்கிறார். அவர் பேச்சைக் கேட்டு ஒரு .30-06 ரைபிளும் வாங்கிவிட்டேன். தோட்டா வாங்கப் போனால் 150, 165, 180 கிரெயின் என்று அடுக்கி வைத்திருக்கிறார்கள். கடைக்காரர் "எல்க் என்றால் 180தான்" என்கிறார். நண்பர் 165 போதும் என்கிறார். வயோமிங்கில் வேட்டைக்குப் போனதைப் பற்றி நீங்கள் எழுதியது நினைவிருக்கிறது. எதை வாங்கட்டும்?

கா., டென்வர்

அன்புள்ள கா.,

கடைக்காரர் சொன்னது தவறில்லை, ஆனால் பாதிதான் சொல்லியிருக்கிறார்.

நம் குன்றிமணி போல, கிரெயினும் தானிய மணியிலிருந்து வந்த எடைதான். தோட்டாவிலிருந்து பறந்து போகிற குண்டின் எடையை அதில் சொல்வார்கள். 150 கிரெயின் 9.7 கிராம், 180 கிரெயின் 11.7 கிராம். வித்தியாசம் இரண்டு கிராம், நகைக்கடைக் கணக்கில் கால் பவுன். இதற்கா இவ்வளவு சண்டை என்று தோன்றும்.

காரணம் இருக்கிறது. ஆண் எல்க் 300 கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும். ஒரே விட்டத்தில் எடை கூடினால் குண்டு நீளும், நீளமான குண்டு ஆழமாகப் போகும். 150 கிரெயின் குண்டு வினாடிக்கு ஏறக்குறைய 890 மீட்டர் வேகத்தில் கிளம்பும், 180 சுமார் 820 மீட்டரில். மெல்லிய உறைக்குள் வெறும் ஈயம் என்றால் அந்தக் கூடுதல் வேகமே வினை. கிட்டத்தில் எலும்பில் பட்டதும் சிதறிவிடும்.

என் முதல் வேட்டையில் அதுதான் நடந்தது. சின்ன மானுக்கென்று விற்கிற மலிவான 150 கிரெயின். எழுபது கஜ தூரத்தில் ஒரு பெண் எல்க். தோளில் பட்டது, ஆனால் விழாமல் சரிவில் இறங்கிக் காட்டுக்குள் ஓடிவிட்டது. எல்க்கின் ரோமம் அடர்த்தி, ரத்தத்தைக் குடித்துவிடும். குண்டு மறுபக்கம் வெளியே வராவிட்டால் தரையில் தடயமே இருக்காது. மறுநாள் காலையில்தான் கிடைத்தது. இரவு அத்தனை குளிர், ஆனாலும் அவ்வளவு பெரிய உடம்பில் சூடு இறங்கவில்லை, எலும்பையொட்டிய கறி புளித்துப் போயிருந்தது. இன்னும் எனக்கு அதை நினைத்தால் கூச்சம்தான்.

ஜான் நோஸ்லர் என்ற அமெரிக்க வேட்டைக்காரருக்கும் இப்படி ஒரு கசப்பு உண்டு. 1946-இல் கனடாவில் எல்க்கைவிடப் பெரிய மானான ஒரு மூஸ்மீது சுட்ட குண்டுகள் உள்ளே இறங்கவில்லை. ஊருக்குத் திரும்பி, நடுவில் தடுப்புச் சுவர் வைத்த குண்டைச் செய்தார். முன்பாதி விரியும், பின்பாதி உடையாமல் உள்ளே போகும். 'பார்ட்டிஷன்' என்ற பெயரில் இன்றும் விற்கிறது.

ஆகவே எடையைப் பார்க்கும் முன் குண்டின் வகையைப் பாருங்கள். சாதாரண ஈயக் குண்டு என்றால் கடைக்காரர் சொல்கிற 180தான், குறைக்காதீர்கள். பார்ட்டிஷன் மாதிரியோ, ஈயத்தை உறையோடு ஒட்டவைத்ததோ என்றால் உங்கள் நண்பரின் 165 தாராளம். முழுக்கச் செம்பு என்றால் 150 கூடப் போதும். அது பட்ட பிறகும் எடையை அநேகமாக இழக்காது. உங்கள் கொலராடோ மாநிலச் சட்டம் எல்க்குக்குக் கேட்கிற குறைந்தபட்ச எடையே 85 கிரெயின்தான், குண்டு விரிகிற வகையாக இருக்க வேண்டும்.

அப்புறம், லேசான ரைபிளில் 180 தோளில் நன்றாகவே உதைக்கும். உதைக்குப் பயந்து கண்ணை மூடிச் சுட்டால் எந்தக் குண்டும் உதவாது. நான் சொன்ன உறுதியான குண்டுகளில், 165-இல் இரண்டு மூன்று வகை வாங்கி, சுட்டுப் பழகும் ரேஞ்சில் 200 கஜத்தில் சுட்டுப் பாருங்கள். உங்கள் ரைபிளில் எந்த வகைக் குண்டுகள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக விழுகின்றனவோ அதுவே உங்களுடையது. வேட்டைப் பயிற்சி வகுப்பை முடித்துவிட்டீர்களா? அந்தக் கார்டு இல்லாமல் லைசென்ஸ் தரமாட்டார்கள்.