தொடைக்கும் சப்பைக்கும் ஒரே வேக்காடு கிடையாது

கேள்வி: எங்கள் வீட்டில் மாதம் இரண்டு முறை இளம் ஆட்டுக்கறி சமைக்கிறோம். சமைக்கிற நாளெல்லாம் சண்டைதான். என் கணவருக்குக் கறி உள்ளே லேசாக ரோஸ் நிறத்தில் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் 'செருப்புத் தோல்' என்கிறார். மாமியாருக்கு எலும்பிலிருந்து கழன்று விழ வேண்டும். 'ரத்தத்தோட தின்கிறதெல்லாம் ஒரு சாப்பாடா?' என்று தட்டை நகர்த்திவிடுகிறார். ஒன்பது வயது மகளோ கவுச்சி அடிக்கிறது என்று மூக்கைப் பொத்திக்கொள்கிறாள். அவள் நடிக்கிறாள் என்கிறார்கள் இருவரும். நான் யார் பக்கம் நிற்பது? நாலு மாதக் கர்ப்பிணியான என் நாத்தனாரும் இப்போது எங்களோடுதான் இருக்கிறாள். சாப்பாட்டில் அவள் அண்ணன் கட்சி.

பதில்: அன்புச் சகோதரிக்கு,

நீங்கள் கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியதிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் நாத்தனாருக்குக் குழந்தை பிறக்கும்வரை அரைவேக்காட்டுக் கறி வேண்டவே வேண்டாம். இதில் ருசிக்கு இடமில்லை. டாக்ஸோபிளாஸ்மா என்றொரு ஒட்டுண்ணி உண்டு. ஆட்டுக்கறி சரியாக வேகாதபோது அது உடலுக்குள் போகலாம். தாய்க்குப் பெரும்பாலும் காய்ச்சல்கூடத் தெரியாது. ஆனால் கர்ப்ப காலத்தில் அது புதிதாகத் தொற்றினால் வயிற்றில் இருக்கும் குழந்தையின் கண்ணையும் மூளையையும் பாதிக்கக்கூடும். ஆகவே அவளுக்கு வைக்கும் துண்டில் சிவப்போ ரோஸ் நிறமோ துளிகூடத் தெரியக்கூடாது. பச்சைக் கறி நறுக்கிய பலகையையும் கத்தியையும் சோப்புப் போட்டுக் கழுவாமல் காய்கறிப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். ஆசையாகக் கேட்கிறாளே என்று மனம் இளகினாலும் இந்த ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்.

சரி, இப்போது உங்கள் கணவரும் மாமியாரும். இருவர் சொல்வதையும் படித்துப் பார்த்தேன். இருவருக்கும் ருசி தெரிகிறது. அவர்கள் மனதில் வைத்துப் பேசுகிற துண்டுதான் வேறு வேறு.

ஆட்டின் முதுகை ஒட்டியிருக்கும் சாப்ஸ் அதிகம் உழைக்காத சதை. அதில் ஜவ்வு குறைவு. ஏறத்தாழ 55 டிகிரி செல்சியஸ் தாண்டும்போதே அது மெத்தென்று பதமாகிவிடும். 70-க்கு மேலே போனால் சதை இறுகிச் சாறெல்லாம் வெளியே வந்துவிடும். உங்கள் கணவர் சொல்லும் செருப்புத் தோல் அப்படித்தான் உண்டாகிறது. முன்னங்கால் சப்பையும் கால் எலும்பை ஒட்டிய சதையும் இதற்கு நேரெதிர். நாள் முழுக்க நடந்து உழைத்த சதை அது, உள்ளே முழுக்க ஜவ்வு. அதை 60 டிகிரியில் எடுத்துத் தட்டில் வைத்தால் ரப்பர்தான். குறைந்த தீயில் மூடி வைத்து இரண்டு மூன்று மணி நேரம் விட்டால் அந்த ஜவ்வெல்லாம் கரைந்து வழவழப்பான சாறாகிவிடும். உங்கள் மாமியார் கேட்கும் 'கழன்று விழுகிற' பதம் அது. சப்பையை அண்ணன் தங்கை பதத்தில் சமைத்தாலும் பாழ், சாப்ஸை அத்தை பதத்தில் சமைத்தாலும் பாழ்.

அதனால் நீங்கள் யார் பக்கமும் நிற்க வேண்டாம். கடையில் ஒரே மாதிரித் துண்டாக வாங்காமல் பாதி சாப்ஸ், பாதி சப்பை என்று வெட்டித் தரச் சொல்லுங்கள். சப்பையைக் காலையிலேயே அடுப்பில் ஏற்றிவிடலாம். சாப்ஸ் எல்லோரும் கைகழுவி உட்காரும் நேரத்தில் பத்து நிமிட வேலை. இரண்டு சமையல் முடியாது என்றால் முழுத் தொடையாக வாங்கி ஓவனில் சுடுங்கள். தொடை ஒரே கனத்தில் இருக்காது. முட்டிப் பக்கம் ஒல்லி, நடுவில் பருமன். நடுப்பகுதி ரோஸ் நிறத்தில் இருக்கும்போதே நுனிப்பக்கம் நன்றாக வெந்திருக்கும். நறுக்கும்போது நுனியிலிருந்து அத்தைக்கு, நடுவிலிருந்து அவருக்கு. ஒரு தொடையில் இரண்டு பந்தி பரிமாறலாம்.

குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். முழுத்துண்டு ஆட்டுக்கறிக்கு அமெரிக்க வேளாண்மைத் துறை சொல்லும் அளவு 63 டிகிரி, இறக்கிய பிறகு 3 நிமிடம் அப்படியே விட வேண்டும். அந்தச் சூட்டிலும் நடுவில் இளம் ரோஸ் நிறம் மிச்சமிருக்கும். உங்கள் கணவர் முதலில் முணுமுணுப்பார், இரண்டு முறை சாப்பிட்டால் பழகிவிடும். கொத்துக்கறிக்கு மட்டும் 71 டிகிரி. அரைக்கும்போது மேல்புறக் கிருமி உள்ளே எல்லா இடத்திலும் கலந்துவிடுவதால் அதில் யாருக்கும் ரோஸ் நிறம் கூடாது.

உங்கள் மாமியாரிடம் ஒன்று சொல்லிப் பாருங்கள். தட்டில் சிவப்பாக ஓடுவது ரத்தம் இல்லை. அறுத்தவுடனே ரத்தம் ஏறக்குறைய முழுவதும் வடிந்துவிடும். சதைக்குள் இருக்கும் மயோகுளோபின் என்ற நிறப்புரதம் தண்ணீரோடு கலந்து வருவதுதான் அந்தச் சிவப்பு. இதைக் கேட்டு அவர் மனசு மாற வேண்டும் என்றில்லை. பார்த்தாலே குமட்டுகிறது என்றால் அது அவருடைய உடம்பு சொல்கிற பேச்சு. ஆனால் மகனைப் பார்த்து 'ரத்தம் தின்கிறவன்' என்று சொல்லும் வார்த்தை நின்றால் போதும், பாதிச் சண்டை அடங்கும். அதேபோல உங்கள் கணவரும் அம்மா சமைத்த கறியைச் செருப்பு என்று சொல்லக்கூடாது. அதைச் சொல்ல வேண்டியது நீங்கள் அல்ல, அவரே உணர வேண்டும். தனியாக இருக்கும்போது ஒருமுறை நினைவூட்டுங்கள்.

அப்புறம் உங்கள் மகள். உங்கள் கடிதத்தில் எனக்கு மனசு கனத்த இடம் அதுதான்.

அவள் நடிக்கவில்லை. ஆட்டுக் கொழுப்பில் மற்ற இறைச்சிகளில் அவ்வளவாக இல்லாத சில கிளைக் கொழுப்பு அமிலங்கள் இருக்கின்றன. 4-எத்தில் ஆக்டனாயிக் அமிலம் அவற்றில் ஒன்று. மிகமிகக் கொஞ்சம் இருந்தாலே மூக்கு பிடித்துவிடும். சிலருக்கு அது 'ஆஹா, ஆட்டுக்கறி வாசனை', சிலருக்கு அதே வாசனை குடலைப் புரட்டும். ஆட்டுக்கு வயது ஏற ஏற இது கூடும். பொதுவாக ஒரு வயது நிரம்பாத குட்டியின் கறியைத்தான் இளங்கறி என்பார்கள், அதில் கவுச்சி குறைவு. நீங்கள் வாங்குவது உண்மையிலேயே இளங்கறியா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். கொழுப்பு வெள்ளையாக இருந்து சதை வெளிர்சிவப்பாக இருந்தால் நல்லது. கொழுப்பு மஞ்சளடித்துச் சதை கருஞ்சிவப்பாக இருந்தால் பெரும்பாலும் வயதான ஆடு.

அந்த வாசனை இருப்பது கொழுப்பில்தான். ஆகவே கொழுப்பை எடுத்தால் பெரும்பங்கு போய்விடும். சுட்ட தொடையை நறுக்கிய பிறகு பக்கத்தில் ஒட்டியிருக்கும் வெள்ளைப் பட்டையை மட்டும் எடுப்பது போதாது. பச்சையாக இருக்கும்போதே கத்தி நுனியை மேல் ஜவ்வுக்கு அடியில் நுழைத்து, இடது கைக் கட்டைவிரலால் இழுத்துப் பிடித்தபடி உரித்தால் கொழுப்பும் ஜவ்வும் ஒன்றாக நீளமாகக் கழன்று வரும். அப்படி உரித்த தொடையின் உள்பக்கச் சதையிலிருந்து மூன்று நான்கு சிறு துண்டு அவளுக்கென்று தனியாகச் சமையுங்கள். சூடாகவே கொடுங்கள். ஆட்டுக்கொழுப்பு நம் உடம்புச் சூட்டைவிட அதிகச் சூட்டில்தான் உருகும். ஆறினால் தட்டோரத்தில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்களே, அது வாய் மேலண்ணத்திலும் மெழுகு மாதிரி ஒட்டும். குழந்தைகள் நிதானமாகச் சாப்பிடுவார்கள். அவள் தட்டு ஆறுவதற்குள் பாதிகூட முடிந்திருக்காது.

இவ்வளவும் செய்த பிறகும் அவளுக்குப் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். அன்றைக்கு ஒரு முட்டையோ பருப்போ அவளுக்குப் போதும். தட்டுக்கு முன்னால் உட்கார வைத்து, 'ஒரு வாய், ஒரே வாய்' என்று மட்டும் கெஞ்சாதீர்கள்.