வாசகர் கேள்வி பதில்: விளையாட்டுப் புகையிரதத்தின் பழைய நிலைமாற்றி

கேள்வி: ஐயா, என் தந்தையார் திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் எழுதுவினைஞராகக் கடமையாற்றியவர். 1957இல் பிரித்தானியக் கடற்படை தளத்தைக் கையளித்துவிட்டுப் புறப்பட்டபோது, அவரது மேலதிகாரி தம் பிள்ளைகளின் ஹோர்ன்பி டப்ளோ விளையாட்டுப் புகையிரதத்தை எங்களுக்குத் தந்துவிட்டுச் சென்றார். நாங்கள் விளையாடி வளர்ந்த அந்தப் புகையிரதத்தைப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட விரும்பி, வீட்டு மின்னைத் தாழ்ந்த வோல்ற்றளவாக்கும் அதன் பெட்டியான நிலைமாற்றியைப் பழுதுபார்க்கும் கடையொன்றில் கொடுத்தேன். பிளக்கை மாற்றி மின்னில் தொடுத்த சிறிது நேரத்தில் அழுகிய முள்ளங்கி போன்ற நாற்றம் எழுந்தது. இப்போது பெட்டி இரைகிறது; ஆடலோட்ட (AC) முனைகளில் தொடுத்த சிறு மின்குமிழ் எரிகிறது; ஆனால் தண்டவாளத்துக்குச் செல்லும் முனைகளில் மின் இல்லை. சுருள் எரிந்துவிட்டது, எறிந்துவிடுங்கள் என்று கடையில் சொல்கிறார்கள். வேறு வழி உண்டா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, உவர்மலை

பதில்: தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள், அம்மா. உங்கள் கேள்விக்கான விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. வீட்டு மின்னைப் பெறும் முதற்சுருள் எரிந்து அறுந்திருந்தால் ஆடலோட்ட முனைகளில் குமிழ் எரிய வழியே இல்லை. அது எரிகிறதென்றால், 230 வோல்ற்று மின் முதற்சுருளுக்குள் சென்று, சுருள்களின் நடுவிலுள்ள இரும்பு அகணியின் வழியாகத் துணைச்சுருளில் தாழ்ந்த வோல்ற்றளவாகத் தூண்டப்படுகிறது என்பதே பொருள். இரைச்சலும் அதற்குச் சாட்சிதான். நமது மின் 50 ஹேர்ட்ஸ் ஆகையால், ஒரு சுற்றுக்கு இரு தடவையாக, அகணித் தகடுகள் செக்கனுக்கு 100 தடவை அதிர்கின்றன. அவற்றை இறுக்கும் திருகாணிகள் தளர்ந்திருந்தால் அந்த அதிர்வு உரத்துக் கேட்கும்.

பழுது சுருளுக்கு அப்பால் இருக்கிறது. லிவர்பூலின் மெக்கானோ நிறுவனம் 1938இல் வெளியிட்ட டப்ளோ புகையிரதம் 12 வோல்ற்று நேரோட்டத்தில் (DC) ஓடுவது. எனவே துணைச்சுருளிலிருந்து வரும் ஆடலோட்டத்தை நேரோட்டமாக்கச் சீராக்கி ஒன்று தேவை. சிலிக்கன் இருவாயிகள் (டயோட்டுகள்) மலிவாகக் கிடைக்காத அந்தக் காலத்தில், செலனியம் பூசிய உலோகத் தகடுகளை ஒரு தண்டில் வரிசையாகக் கோத்து அந்தச் சீராக்கியைச் செய்தார்கள். செலனியத் தகடுகளுக்கு முதுமை உண்டு. ஆண்டுகள் செல்லச் செல்ல அவற்றின் உட்தடை கூடுகிறது. ஈரமும் உப்புக்காற்றும் அரித்த தகடு, நெடுங்காலம் கிடந்தபின் ஒரே நொடியில் முழு மின்னைப் பெறும்போது கருகிவிடுகிறது. நீங்கள் உணர்ந்த நாற்றம் செலனியம் கருகுவதற்கே உரியது. அந்தப் புகை நச்சுத்தன்மை உடையது. ஆகவே பெட்டியை மீண்டும் மின்னில் தொடுக்க வேண்டாம். திறக்கும்போது ஜன்னல்கள் திறந்திருக்கட்டும், தகடுகளைச் சுரண்டாதீர்கள், பிள்ளைகள் அருகில் நிற்க வேண்டாம்.

அறுபது ஆண்டுகளுக்கு மேல் கடற்கரை ஊரில் கிடந்த ஒரு மின்கருவியை எடுத்த எடுப்பிலேயே மின்னில் தொடுத்ததுதான் இங்கு நடந்த பிழை. முதலில் பார்த்திருக்க வேண்டியது பிளக்கிலிருந்து பெட்டிக்குள் செல்லும் வயரை. அக்கால வயரின் இறப்பர் உறை காய்ந்து, வளைத்தால் பொடியாக உதிரும். வெளியே நூலுறை நன்றாகத் தெரிவதால் உள்ளே செம்பு வெறுமையாகக் கிடப்பது கண்ணில் படாது. அதை முற்றாக நீக்கிவிட்டுப் புதிய மூன்றிழை வயரைப் போடச் சொல்லுங்கள். பழைய பிரித்தானிய முறையில் சிவப்பு உயிர்க்கம்பி, கறுப்பு நொதுமற்கம்பி, பச்சை புவிக்கம்பி. இன்றைய வயரில் அவை முறையே கபிலம், நீலம், பச்சை-மஞ்சள். பெட்டி உலோகமாக இருப்பதால் புவிக்கம்பியைப் பெட்டியின் உடலுடன் உறுதியாகப் பொருத்துவது கட்டாயம். சதுரமுனைப் பிளக்கில் 13 அம்பியர் உருகி இருந்தால், அதை எடுத்துவிட்டு 3 அம்பியர் உருகியைப் போடவேண்டும்.

அதன்பின், வீட்டு வயரிங் செய்பவர்களிடம் உள்ள மெகர் கருவியால், முதற்சுருளுக்கும் பெட்டிக்கும் இடையிலும், முதற்சுருளுக்கும் துணைச்சுருளுக்கும் இடையிலும் 500 வோல்ற்றில் காவலிடலை, அதாவது மின் கசியாமல் தடுக்கும் திறனை, அளக்கச் செய்யுங்கள். ஒரு மெகாஓமுக்குக் குறைந்தால் சுருள் ஈரத்தை உறிஞ்சியிருக்கிறது. மின்னில் தொடுக்கவே கூடாது. இழையுள்ள 40 வாற்றுக் குமிழ் எரியும் மரப்பெட்டிக்குள் இரண்டு மூன்று நாட்கள் வைத்து உலர்த்தி மீண்டும் அளக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மாரியில் திருகோணமலையில் இந்த வேலையைத் தொடங்குவதை நான் விரும்பமாட்டேன். உலர்ந்ததெல்லாம் மறுநாளே நனைந்துவிடும்.

காவலிடல் சரியாக இருந்தால் சீராக்கியை மாற்றுவது அரை மணி நேர வேலை. பழைய இணைப்புகளைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, தகடு அடுக்கைக் கழற்றி, கடையில் ‘பிறிட்ஜ் ரெக்டிபயர்’ என்று கேட்டால் கிடைக்கும் நான்கு கால் சிலிக்கன் சீராக்கியில் 6 அம்பியர், 100 வோல்ற்று அல்லது அதற்கு மேற்பட்டதை வாங்கி, ஈயப்பற்றுவைத்து இணைக்கவேண்டும். நடுவில் துளையுள்ள வகையாக இருந்தால் பெட்டியின் உடலிலேயே திருகாணியால் இறுக்கலாம்; அதன் சூடு உலோகத்துக்குச் சென்றுவிடும். மின்கொள்ளளவி (கப்பாசிற்றர்) எதையும் சேர்க்க விடாதீர்கள். இந்த மோட்டருக்கு அது தேவையில்லை என்பதோடு, 12 வோல்ற்று 17 வோல்ற்று வரை உயர்ந்துவிடவும் இடமுண்டு.

இங்கு ஒன்றைக் கவனிக்கவேண்டும். செலனியத்தின் உட்தடை ஒருவகையில் காவலாகவும் இருந்தது. எஞ்சின் தடம்புரண்டு தண்டவாளத்தில் குறுக்குச்சுற்று (ஷோர்ட் சர்க்கிட்) ஏற்பட்டால், ஓட்டம் அளவுமீறிப் பாயாமல் அது தடுத்தது. சிலிக்கன் அப்படித் தடுக்காது. ஆகவே பெட்டியிலுள்ள பழைய தானியங்கித் துண்டிப்பானை ஒருபோதும் நீக்கிவிடாமல், அதற்கு மேலாக, தண்டவாளத்துக்குச் செல்லும் கம்பியில் முச்சக்கரவண்டியின் பிரேக் விளக்குக்கான 12 வோல்ற்று, 21 வாற்றுக் குமிழ் ஒன்றைத் தொடராக இணையுங்கள். எஞ்சின் ஒழுங்காக ஓடும்போது அது மங்கலாக இருக்கும். குறுக்குச்சுற்று நேர்ந்தால் பளிச்சென்று எரிந்து, ஓட்டத்தை 2 அம்பியருக்குள் நிறுத்திவிடும். சிறிய குமிழ்தான், ஆனால் அந்தப் பழைய சுருளைக் காப்பது அதுதான்.

வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கைபிடியின் தொடுமுனை கறுத்திருந்தால் ஐசோபுரொப்பைல் அற்ககோலில் நனைத்த துணியால் துடைத்தால் போதும்.

பேரப்பிள்ளைகள் குறித்து வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். இத்தனையும் செய்தபின் பெரியவர்கள் அருகிலிருந்து ஓட்டிக் காட்டலாம். ஆனால் பிள்ளைகள் தாமாக விளையாடுவதற்கு, புதிய, மூடி அடைக்கப்பட்ட 12 வோல்ற்று நேரோட்ட வழங்கியை வாங்கிக் கொடுங்கள். முதுமையடைந்த காவலிடலின் ஒரு பக்கத்தில் 230 வோல்ற்றும் மறுபக்கத்தில் குழந்தையின் விரலும் இருப்பதை என் மனம் ஏற்கவில்லை.

கேள்வி: நியூயோர்க்கிலிருந்து வந்த என் அண்ணன், 1950களில் செய்யப்பட்ட லயனல் புகையிரதமும் அதன் நிலைமாற்றியும் கொண்டுவந்தார். பிளக்கை மாற்றினால் இங்கு பயன்படுத்தலாமா?
– வாசகர், உப்புவெளி

பதில்: கூடாது. அது 115 வோல்ற்று, 60 ஹேர்ட்ஸுக்காகச் சுற்றப்பட்டது. 230 வோல்ற்றில் தொடுத்தால் சிறிது நேரத்திலேயே முதற்சுருள் எரிந்துவிடும். 230 வோல்ற்றை 110 ஆகக் குறைக்கும் நிலைமாற்றி ஒன்றை இடையில் வைக்கவேண்டும். லயனல் பெட்டியில் எழுதப்பட்டுள்ள வாற்று அளவைவிட அது தாராளமாகப் பெரியதாக இருக்கட்டும். அப்போதும் அதிர்வெண் 50 ஆகவே இருக்கும். அகணியிலுள்ள காந்தப்பாயம் வோல்ற்றளவை அதிர்வெண்ணால் வகுக்கும் அளவைப் பொறுத்தது. 115ஐ 60ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1.92, 110ஐ 50ஆல் வகுத்தால் 2.2. அதாவது ஏறத்தாழப் பதினைந்து வீதம் கூடுதல். தாங்கும், ஆனால் சூடாகும். அரை மணி நேரம் ஓட்டினால் அவ்வளவு நேரம் ஆறவிடுங்கள்.

உவர்மலை வாசகியின் டப்ளோவும் உங்கள் லயனலும் மூன்று தண்டவாளப் பாதையில் ஓடுபவை என்பதால், ஒன்றின் பெட்டியை மற்றதற்கு இணைக்கலாம் என்று எண்ணிவிட வேண்டாம். லயனல் ஆடலோட்டத்தில் ஓடுவது. நிலைக்காந்தமுள்ள டப்ளோ எஞ்சினுக்கு அந்த மின்னைக் கொடுத்தால், அது நின்ற இடத்திலேயே நடுங்கிச் சூடேறிக் கெட்டுவிடும். நேரோட்டத்தில் லயனல் எஞ்சின் ஓடத்தான் செய்யும். ஆனால் அதன் ஊதுகுழல் நேரோட்டத்தை உணர்ந்தே ஒலிப்பது ஆகையால், மின்னை நிறுத்தும் வரை ஓயாமல் ஊதிக்கொண்டிருக்கும்.