கடையில் திறந்த ஜிமெயிலும் பூட்டிக்கொண்ட போனும்

கேள்வி: இரண்டு வருடத்துக்கு முன் திருகோணமலை நகரில் ஒரு கடையில் புதிய அன்ட்ரொய்ட் போன் வாங்கினேன். ஜிமெயில், வட்ஸ்அப் எல்லாம் கடையில் நின்ற தம்பிதான் போட்டுத் தந்தார். போன வாரம் போன் சிக்கிச் சிக்கி வேலை செய்கிறது என்று பேரன் ஏதோ பொத்தான்களை அமத்தி எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்கினான். இப்போது பழைய கூகுள் கணக்கைக் கேட்டு அதிலேயே நிற்கிறது. எனக்கு அந்த முகவரியும் தெரியாது, பாஸ்வேர்டும் தெரியாது. கடையில் லொக் உடைக்க 7,500 ரூபாய் கேட்கிறார்கள். கொடுக்கலாமா? வட்ஸ்அப்பில் இருந்த பேரப்பிள்ளைகளின் படங்கள் கிடைக்குமா? இன்னொன்று, என் போனில் 'கிண்ணியா டைல்ஸ்', 'மூதூர் சாச்சா', 'சீனக்குடா வயரிங்' என்று நான் போடாத பெயர்கள் நிறைய இருந்தன. அது ஏன்?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, உப்புவெளி

பதில்: கொடுக்க வேண்டாம், ரீச்சர். லொக் உடைத்தால் போன் திறக்கும், அது உண்மை. ஆனால் நீங்கள் தேடுகிற படங்கள் போனுக்குள் இல்லை. பேரன் அழித்த அன்றே அவை போய்விட்டன. மிச்சம் ஏதாவது இருந்தால் அந்த ஜிமெயில் கணக்கில்தான் இருக்கும். 7,500 ரூபாயை வாங்கிக்கொண்டு கடைக்காரர் திருப்பித் தரப்போவது ஒரு வெறும் போன்.

பேரனை ஏச வேண்டாம், கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்துங்கள். போனை வீட்டு வைஃபையில் இணைத்துவிட்டு, கணக்கைக் கேட்கிற அந்தத் திரையை ஆறுதலாக வாசிக்கச் சொல்லுங்கள். பல போன்களில் அங்கே இரண்டு வழி இருக்கும். பழைய கூகுள் கணக்கைப் போடுவது ஒன்று. மற்றது, அழிப்பதற்கு முன் போனைத் திறக்க நீங்கள் வைத்திருந்த அதே பின் இலக்கம், அல்லது விரலால் இழுக்கிற கோடு. ஒரு சின்ன வரியாகக் கீழே கிடக்கும், கண்ணில் படாது. உங்கள் பழைய பின் ஞாபகம் இருந்தால் ஜிமெயில் தெரியாமலே போன் திறந்துவிடும், ஒரு சதமும் செலவில்லை. ஆனால் அதனால் படங்கள் வராது. அதற்குக் கணக்கு வேண்டும்.

இந்தப் பூட்டு 2015இல் வந்த அன்ட்ரொய்ட் 5.1இலிருந்து இருக்கிறது. திருடியவன் போனை அழித்துவிட்டுத் தன் போன்போலப் பயன்படுத்தக் கூடாது என்பதற்காகப் போட்டது. செட்டிங்ஸுக்குள் போய், பின் இலக்கம் கொடுத்து அழித்தால் அது சொந்தக்காரர் செய்தது என்று போன் எடுத்துக்கொள்ளும். போனை அணைத்துவிட்டு ஒலிப் பொத்தானையும் பவர் பொத்தானையும் சேர்த்து அமத்தி அழித்தால் திருடன் என்று நினைத்துப் பூட்டிக்கொள்ளும். பேரன் செய்தது இரண்டாவது. நல்ல ஏற்பாடுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் இந்தப் பூட்டோடு என்னிடம் வருகிறவர்களில் திருடனைக் காணோம். எல்லாரும் சொந்தக் காசுக்கு வாங்கியவர்கள்.

உங்கள் கேள்வியில் என்னைத் தூக்கிவாரிப் போட்டது கடைசி விஷயம்தான். 'மூதூர் சாச்சா' எப்படி உங்கள் போனுக்குள் வந்தார்? ஒரே கூகுள் கணக்கு இரண்டு போனில் இருந்தால், ஒன்றில் சேமிக்கிற பெயர் மற்றதிலும் தானாக வந்து நிற்கும். ஆகவே உங்களுக்குப் போட்டுத் தந்த ஜிமெயில் உங்களுக்காகத் திறந்தது இல்லை. யாரோ ஒரு டைல்ஸ் வாடிக்கையாளருக்கும் அதே கணக்குத்தான். அவருடைய போனிலும் உங்கள் மகளின் நம்பர், டொக்டரின் நம்பர் எல்லாம் இருக்கும்.

இது நடக்கிற விதம் எனக்கு மனப்பாடம். கடையில் கூட்டம். நீங்கள் போனை நீட்டுகிறீர்கள். புதுக் கணக்குத் திறக்கப் பத்து நிமிடம் பிடிக்கும், பெயர், பிறந்த திகதி, போனுக்கு வருகிற ஓடிபி இலக்கம் என்று ஆயிரம் கேள்வி கேட்கும். பொடியன் என்ன செய்வான்? கடைக்கென்று ஏற்கெனவே திறந்து வைத்திருக்கிற ஒரு ஜிமெயிலை இரண்டு கட்டைவிரலாலும் அடித்து உள்ளே விட்டுவிட்டு, "சரி அன்ரி, எல்லாம் போட்டாச்சு" என்று தந்துவிடுவான். கொஞ்சம் நல்ல பொடியன் என்றால் உங்கள் பெயரில் புதிதாகத் திறப்பான். ஆனால் ஓடிபி கெதியாக வர வேண்டும் என்று தன் நம்பரைப் போடுவான். இரண்டிலும் வீடு உங்களுடையது, திறப்பு அவனுடையது. அநேகமான பொடியன்களுக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. சோம்பல்தான். ஆனால் அந்தப் பாஸ்வேர்ட் தெரிந்த எவரும், இன்று கடையில் நிற்பவரோ வேலையை விட்டுப் போனவரோ, உங்கள் போன் இப்போது எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் பார்க்கலாம். தூர இருந்தபடியே அதை அழிக்கலாம். கூகுள் சேமித்து வைத்திருக்கிற பாஸ்வேர்ட்களையும் பார்க்கலாம். வங்கிச் செயலியைப் போட்டிருந்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. போட்டிருந்தால் இன்றைக்கே வேறு போனிலிருந்து அதன் பாஸ்வேர்டை மாற்றுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

இப்போது கணக்கைப் பிடிக்கிற வழி. முகவரி எங்காவது எழுதிக் கிடக்கிறதா என்று பாருங்கள். வீட்டு ஸ்மார்ட் டிவியில் யூடியூப் பார்க்கிறீர்களா? அதே கணக்கால் உள்ளே போயிருந்தால், யூடியூப்பில் உங்கள் கணக்குப் பக்கத்தில் முகவரி இருக்கும். எப்போதாவது மகளுக்கு ஜிமெயிலில் ஏதாவது அனுப்பியிருந்தால் அவருடைய பெட்டியில் கிடக்கும். இரண்டும் இல்லையென்றால், கூகுளின் உள்நுழைவுப் பக்கத்தில் 'மின்னஞ்சலை மறந்துவிட்டேன்' என்று இருப்பதை அமத்தி, உங்கள் நம்பரையும் பெயரையும் கொடுத்துப் பாருங்கள். உங்கள் நம்பரில் திறந்திருந்தால் முகவரி வரும். பாஸ்வேர்டை மாற்றும் வேலையை வீட்டு வைஃபையிலேயே செய்யுங்கள். வழக்கமான இடமா, வழக்கமான கருவியா என்று கூகுள் பார்க்கும். கேள்வி கேட்டால் தெரியாது என்று தாண்டாமல், ஞாபகமுள்ளதைச் சொல்லுங்கள். பாஸ்வேர்டை மாற்றிய கையோடு பூட்டிய போன் அதை ஏற்காவிட்டால் பயப்பட வேண்டாம், 24 மணித்தியாலம் பொறுத்துப் போடுங்கள்.

ஒன்றும் வரவில்லை என்றால் கடைக்காரரின் நம்பரில் திறந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்போது கடைக்குப் போங்கள், ஆனால் லொக் உடைக்க என்று போகாதீர்கள். பில்லையும் பேரனையும் கூட்டிக்கொண்டு போய், "நீங்கள் போட்ட கணக்கை இந்தப் போனில் ஒருக்கால் அடித்துவிடுங்கள்" என்று மட்டும் கேளுங்கள். ஒரு நிமிட வேலை. அதற்குக் காசு கேட்கிற உரிமை அவருக்கு இல்லை. அவர் செய்த வேலையின் மிச்சத்தைத்தான் அவரிடம் கேட்கிறீர்கள். மறுத்தால், போனைச் செய்த நிறுவனத்தின் அதிகாரப்பூர்வச் சேவை நிலையத்தில் பில்லைக் காட்டிக் கேட்டுப் பார்க்கலாம்.

உடைக்கிறவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? கணினியில் இணைத்து, எங்கிருந்தோ இறக்கிய ஒரு மென்பொருளால் போனின் அடிப்படை மென்பொருளையே மாற்றிப் போடுவார்கள். அதற்குள் என்ன கலந்திருக்கிறது என்று அவர்களுக்கும் தெரியாது. அப்படித் திறந்த போனில் சில வங்கிச் செயலிகள் வேலை செய்யவே மறுக்கும். அன்ட்ரொய்ட் 15இலிருந்து பூட்டை இன்னும் இறுக்கியிருக்கிறார்கள், குறுக்கு வழியால் தாண்டினால் திரும்பவும் பூட்டிக்கொள்ளும். இதைவிட மோசமான கூட்டம் ஒன்று பேஸ்புக்கில் இருக்கிறது. "ஜிமெயில் மீட்டுத் தருகிறோம், முன்பணம் அனுப்புங்கள்" என்று யார் கேட்டாலும் கள்ளன்தான். பாஸ்வேர்ட் மீட்கிற எந்தச் சேவையோடும் தனக்குத் தொடர்பில்லை என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. அழிந்த படத்தை டேட்டா ரிக்கவரியில் எடுத்துத் தருகிறோம் என்பவர்களிடமும் போகாதீர்கள். இப்போதைய போன்கள் எல்லாவற்றையும் மறைகுறியாக்கி, அதாவது சாவி இல்லாமல் வாசிக்க முடியாதபடி மாற்றித்தான் வைத்திருக்கும். அழிக்கும்போது அந்த மறைகுறியின் சாவியும் சேர்ந்து போய்விடும். அதற்குப் பிறகு யாராலும் எடுக்க முடியாது.

கூகுளுக்கு ஒரு போன் அடித்துக் கேட்டால் என்ன என்று நினைப்பீர்கள். அடிக்க நம்பர் கிடையாது. உலகம் முழுக்க இத்தனை பேரின் படங்களையும் கடிதங்களையும் வாங்கி வைத்திருக்கிற நிறுவனம், உப்புவெளியில் ஒரு ரீச்சரோடு கதைக்க ஒரு ஆளை வைக்காது. தமிழில் மாற்றிப் பார்த்தால் அந்தத் திரைகளில் வருகிற தமிழ் விளங்க ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும். பொலிஸுக்குப் போகலாமே என்பீர்கள். அனுமதியில்லாமல் இன்னொருவரின் கணக்குக்குள் நுழைவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி குற்றம்தான். கணக்கே கடைக்காரரின் நம்பரில் இருந்தால் நீங்கள் என்ன சொல்லி முறையிடுவது? யாராவது உங்கள் படங்களை வைத்து மிரட்டினால் மட்டும் தயங்காமல் பொலிஸுக்குப் போங்கள். கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கிற இலங்கை சேர்ட் நிறுவனத்துக்கும் 101இல் சொல்லலாம்.

சரி, கணக்குக் கிடைத்துவிட்டது என்று வைப்போம். உள்ளே போனதும் பழைய சேமிப்பை, அதாவது கணக்கில் கிடக்கிற பெக்கப்பை, மீட்கவா என்று கேட்கும். பொதுக் கணக்கு என்பதால் ஒன்றுக்கு மேற்பட்ட போன்களின் பெயர் வரலாம், உங்கள் போனின் மொடலையும் திகதியையும் பார்த்துத் தெரிவு செய்யுங்கள். பிறகு வட்ஸ்அப்பை இறக்கி, பழைய அதே நம்பரைப் போடுங்கள். மீட்கவா என்று கேட்கும்போது 'மீட்டெடு' என்பதையே அமத்த வேண்டும். அவசரத்தில் 'தவிர்' என்பதை அமத்தினால், வெறும் வட்ஸ்அப் திறந்து, அடுத்த நாள் இரவு அந்த வெறுமையையே பழைய சேமிப்புக்கு மேல் எழுதிவிடலாம். சேமிப்பே போடப்பட்டிருக்கவில்லை என்றால் மீட்கிற கேள்வியே வராது. அப்படியானால் படங்கள் போனதுதான். அவற்றை அனுப்பிய மகளின் போனில் இருக்கும், திரும்ப அனுப்பச் சொல்லுங்கள்.

இதிலே ஒரு விஷயத்தை இழுத்துச் சொல்லத்தான் வேண்டும். வட்ஸ்அப் சேமிப்பைத் திறக்க இரண்டு சாவி வேண்டும், ஜிமெயில் ஒன்று, அதே போன் நம்பர் மற்றது. அந்த நம்பர் உங்களுடையதா? வைத்திருக்கிறேனே என்பீர்கள். பதிவு யாருடைய பெயரில் என்று கேட்கிறேன். பஸ் நிலையத்தடியில் குடை விரித்து விற்ற காலத்தில் வாங்கிய சிம் என்றால், யாரோ ஒருவரின் அடையாள அட்டையில் இருக்கலாம். #132# என்று அடித்துப் பார்க்கலாம். உங்கள் பெயரில் இருந்தால் சிம் தொலைந்தாலும் பிரச்சினை இல்லை, தேசிய அடையாள அட்டையோடு நிறுவனத்தின் கிளைக்குப் போனால் அதே நம்பரில் வேறு சிம் தருவார்கள். வேறொருவர் பெயரில் இருந்தால் தர மாட்டார்கள். காலமான கணவரின் பெயரில் இருந்தால் இறப்புச் சான்றிதழோடு போய்ப் பெயர் மாற்றம் கேளுங்கள், சிம் வேலை செய்துகொண்டிருக்கும்போதே கேளுங்கள். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நீண்ட நாள் காசு போடாமல் விட்டால் நம்பரைத் துண்டித்து, பிறகு வேறு ஒருவருக்கு விற்றுவிடுவார்கள். உங்கள் ஓடிபி அவருக்குப் போகும். வெளிநாட்டுக்கு மகனிடம் ஆறு மாதம் போய் இருக்கிறவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். விமானம் ஏற முதல் வங்கிக்கும் ஜிமெயிலுக்கும் கொடுத்த நம்பருக்குக் காசு போட்டுவிட்டுப் போக வேண்டும்.

படங்கள் வந்த பிறகு கடைக் கணக்கில் ஒரு நாள்கூட இருக்க வேண்டாம். உங்கள் பெயர், உங்கள் நம்பர், நீங்களே தட்டிய பாஸ்வேர்ட் என்று புதுக் கணக்குத் திறவுங்கள். பேரன் பக்கத்தில் இருந்து சொல்லட்டும், விரல் உங்களுடையதாக இருக்கட்டும். மீட்பு மின்னஞ்சல் கேட்கிற இடத்தில் மகளுடையதைக் கொடுங்கள். பாஸ்வேர்டுக்கு மேலே இன்னொரு சோதனையும் கேட்கிற இரண்டு படிச் சரிபார்ப்பைப் போட்டால், போன் கையில் இல்லாதபோது உள்ளே போக, தலா எட்டு இலக்கம் கொண்ட பத்து மாற்றுக் குறியீடுகளைக் கூகுளிலிருந்து எடுக்கலாம். கொப்பியில் எழுதி, காணி உறுதி வைத்திருக்கிற உறையில் போடுங்கள். பாஸ்வேர்டையும் எழுதி வைக்கலாம். எழுதவே கூடாது என்று சொல்கிற ஆட்கள் இருக்கிறார்கள். உங்கள் அலுமாரிக்குள் கை வைக்கிற கள்ளனுக்கு ஜிமெயில் தேவைப்படாது.

பழைய கணக்கிலிருந்து உங்கள் ஆட்களின் நம்பர்களை மட்டும் புதியதற்கு மாற்றி, படங்களையும் போனில் இறக்கி, வட்ஸ்அப் சேமிப்பைப் புதுக் கணக்குக்குத் திருப்பி ஒரு தடவை சேமித்த பிறகு, செட்டிங்ஸில் போய்ப் பழைய கணக்கை நீக்குங்கள். இந்த ஒழுங்கு மாறினால் நம்பர்களும் சேர்ந்து போகும். நீக்க முதல் உங்கள் படங்களையும் உங்கள் ஆட்களின் பெயர்களையும் அந்தக் கணக்குக்குள்ளும் அழித்துவிடுங்கள், இல்லாவிட்டால் டைல்ஸ்காரருக்கு அவை மிஞ்சும். கணக்கில் அழிக்கிற படம் போனிலிருந்தும் அழிந்துபோகலாம், ஆகவே படங்களை ஒரு கணினியிலும் போட்டு வைத்த பிறகு அழியுங்கள். அவருடையதில் கை வைக்க வேண்டாம்.

கடைசியாக, போன் சிக்கிய காரணம். இரண்டு வருடப் போன் என்றால் அநேகமாக இடம் நிரம்பியிருக்கும். காலை வணக்கப் படங்களும் கோயில் வீடியோக்களும்தான் நிரப்பியிருக்கும். வட்ஸ்அப் செட்டிங்ஸில் சேமிப்பகத்தை நிர்வகிக்கிற பக்கத்தில், பல தடவை பகிரப்பட்டவை என்று ஒரு கூட்டமும், 5 எம்பிக்கு மேற்பட்டவை என்று ஒரு கூட்டமும் தனித்தனியாகக் காட்டும். பேரப்பிள்ளைகளின் வீடியோக்களும் இரண்டாவது கூட்டத்துக்குள் கிடக்கும் என்பதால் முதலாவதிலிருந்து அழிக்கத் தொடங்குங்கள்.